ரயில் பாதையை ஒட்டிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த வழித்தடம் தேர்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

இருவழிச் சாலையை நான்கு வழியாக்க வேண்டும். பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது. இப்படிப்பட்ட திட்டங்களில் பெரும்பாலும் முதலில் வரையப்படுவது சாலையின் மையக்கோடுதான். ஒரு பக்கம் வீடுகளும் கடைகளும் நெருக்கமாக இருக்கும். ரயில் பாதை இருக்கும் பக்கம் காலி இடமாகத் தெரியும். எனவே கோடு தானாகவே தண்டவாளத்தை நோக்கி நகர்ந்துவிடும். குறுக்கே வரும் சாலைகளை என்ன செய்வது என்ற கேள்வி அப்புறம்தான் எழும். அந்த நேரத்தில் அதற்கு விடை சொல்ல நிலத்தில் இடம் இருக்காது.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. முதலில் குறுக்குச் சாலைகளைப் பாருங்கள். அவற்றை வைத்து, நெடுஞ்சாலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கோடு அதற்குப் பிறகு வரட்டும். பொறியாளர்களுக்கு மட்டுமல்ல, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உட்காரப்போகும் ஊர்க்காரர்களுக்கும் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் பயன்படும்படி இதை எழுதுகிறேன்.

1. எந்தக் குறையைத் தீர்க்கப் போகிறோம்?

‘நெரிசல்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். ரயில்வே கேட் மூடும்போது பக்கச் சாலையிலிருந்து வண்டிகள் வரிசைகட்டி நெடுஞ்சாலை வரை நிற்பதால் வரும் நெரிசல் வேறு. சாலையின் கொள்ளளவு போதாமல் வரும் நெரிசல் வேறு. முதல் வகைக்கு நான்கு வழி போட்டாலும் தீர்வு கிடைக்காது. கேட்டுக்குப் பதிலாக ஒரு மேம்பாலம் கட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும். விபத்துப் பதிவேடு, கேட் ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் மூடப்படுகிறது என்ற கணக்கு, திரும்பும் வண்டிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. ரயில்வே நிர்வாகத்திடம் முதல் வாரமே பேசுங்கள்

வரைபடம் தயாரான பிறகு ஒப்புதல் கேட்டுப் போவதுதான் பல இடங்களில் வழக்கம். அது தவறான நேரம். கோடு வரைவதற்கு முன்பே சில விஷயங்களை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ரயில்வே நிலத்தின் எல்லைக் கற்கள் எங்கே இருக்கின்றன என்பது முதல் கேள்வி. தண்டவாளத்திலிருந்து பார்த்தால் வெறும் புல்தரையாகத் தெரியும் நிலம் பெரும்பாலும் ரயில்வேக்குச் சொந்தமானதாகவே இருக்கும். இரண்டாவது, மூன்றாவது தண்டவாளம் போடுவதற்காக அதை வைத்திருப்பார்கள். ஒற்றைப் பாதையாக இருந்தால் அது இரட்டையாகப் போகிறதா, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இன்று இருக்கும் ஒரு தண்டவாளத்தை மட்டும் தாண்டும் அளவுக்குப் பாலம் கட்டிவிட்டு, இரண்டாவது தண்டவாளம் வரும்போது அதை இடிக்க நேர்ந்தால், இரண்டு துறைகளின் பணமும் வீண்.

பாதை மின்மயமாகிறதா என்பது அடுத்தது. மேல்நிலை மின்கம்பி வந்தால் பாலத்தின் உயரம் மாறும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கன்டெய்னர் அடுக்கிய சரக்கு ரயில் ஓடும் தடமாக இருந்தால் உயரம் இன்னும் கூடும். அமெரிக்காவில் ரயில் பாதைக்கு மேல் செல்லும் சாலைப் பாலங்களுக்குத் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 23 அடி, அதாவது சுமார் 7 மீட்டர், இடைவெளி விடுவது வழக்கம். உங்கள் தடத்துக்கு எவ்வளவு என்பதை ரயில்வேதான் சொல்ல வேண்டும், ஊகித்துப் போடக்கூடாது.

எல்லை ஓரமாகப் புதைத்திருக்கும் சிக்னல் கேபிள்கள், கண்ணாடி இழைக் கேபிள்கள், யார்டு விரிவாக்கம், ரயில்களின் உச்ச வேகம் ஆகியவற்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

3. குறுக்குச் சாலைகளை ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள்

செயற்கைக்கோள் படத்தில் கேட் உள்ள சாலைகள் மட்டும்தான் தெளிவாகத் தெரியும். நடந்தால் மற்றவையும் கண்ணில் படும்: தண்டவாளத்தைத் தாண்டும் ஒற்றையடிப் பாதை, கால்நடைகள் போகும் சிறுபாலம், பள்ளிப் பிள்ளைகள் குறுக்கே ஓடும் இடம், அறுவடைக் காலத்தில் மட்டும் டிராக்டர் போகும் மண்பாதை. ஒவ்வொன்றையும் யார், எதற்கு, எந்தக் காலத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல்தான் பின்னால் எல்லா முடிவுகளையும் தாங்கப் போகிறது.

அதே நடையில் தண்டவாளத்தின் மட்டத்தையும் கவனியுங்கள். எங்கே ரயில் மண்கரை மேல் போகிறது, எங்கே தரைமட்டத்தில் போகிறது, எங்கே வெட்டிய பள்ளத்துக்குள் போகிறது? ரயில் பாதையைத் தூக்கவோ இறக்கவோ முடியும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். சாலை 4, 5 சதவீத ஏற்றத்தைத் தாங்கும்; முக்கிய ரயில் பாதைகளில் 1 சதவீதம் தாண்டினாலே சுமைதான். ரயில் இருக்கும் இடத்தில் இருக்கும். நகர வேண்டியது சாலை.

4. இடைவெளிக் கணக்கு

இந்த வழிகாட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தரை சமமாக இருக்கிறது, தண்டவாளமும் ஏறக்குறைய தரைமட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறுக்குச் சாலை தண்டவாளத்தை மேம்பாலத்தில் தாண்ட வேண்டும். ரயிலுக்கு 7 மீட்டர் உயரம், பாலத்தின் உத்திரமும் தளமும் சேர்ந்து சுமார் 1.8 மீட்டர், சாலைப் பரப்பு எல்லாம் சேர்த்து 9 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். 3 சதவீதச் சரிவில் இறங்கினால் 100 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்கும். ஆக, 9 மீட்டர் இறங்க 300 மீட்டர் வேண்டும். உச்சியிலும் அடியிலும் வளைவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதால் நடைமுறையில் 350 முதல் 400 மீட்டர் ஆகிவிடும்.

இப்போது நெடுஞ்சாலையை வெவ்வேறு தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

தண்டவாளத்திலிருந்து 400 மீட்டருக்கு அப்பால் நெடுஞ்சாலை இருந்தால், குறுக்குச் சாலை பாலத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்து, சாதாரணச் சந்திப்பாக நெடுஞ்சாலையில் சேர்ந்துகொள்ளும். எந்தச் சிக்கலும் இல்லை.

50 மீட்டரில் இருந்தால்? அந்த இடத்தில் குறுக்குச் சாலை 1.5 மீட்டர்தான் இறங்கியிருக்கும். சாலைப் பரப்பு 7.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். உத்திரத்தின் கனத்தைக் கழித்தால் அடியில் 5.7 மீட்டர் கிடைக்கிறது. லாரிகள் தாராளமாகப் போகலாம். அதாவது ஒரே பாலம் ரயிலையும் நெடுஞ்சாலையையும் சேர்த்துத் தாண்டிவிடும். நெடுஞ்சாலையில் ஏற, இறங்க வேண்டிய வண்டிகளுக்கு மறுபக்கத்தில் சுற்றுப்பாதை போட்டுக்கொள்ளலாம்.

150 மீட்டரில் இருந்தால்தான் வம்பு. அங்கே குறுக்குச் சாலை 4.5 மீட்டர் உயரத்தில் நிற்கும். நெடுஞ்சாலையில் சேர முடியாத அளவுக்கு உயரம். அடியில் லாரி போக முடியாத அளவுக்குத் தாழ்வு. ஒன்று, பாலத்தை இன்னும் 100 மீட்டருக்கு மேல் அதே உயரத்தில் நீட்ட வேண்டும். அல்லது நெடுஞ்சாலையையே மேடாக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு எகிறும்.

ஆக, ஒட்டிப் போவது ஒரு வழி, விலகிப் போவது ஒரு வழி. ரெண்டும் கெட்டான் தூரமான 100 முதல் 300 மீட்டர்தான் மிக மோசம். ஆனால் வரைபடத்தில் நில உரிமையாளர்களின் எதிர்ப்பைச் சமாளித்துச் சமாளித்துக் கோட்டை நகர்த்தும்போது, அது கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்தத் தூரத்தில்தான். அதோடு, இரண்டுக்கும் நடுவில் சிக்கும் நிலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வேலி போட்ட ரயில், மறுபக்கம் தடுப்பு போட்ட நெடுஞ்சாலை. கையகப்படுத்தாமல் விட்டுவிட்ட நிலம் என்று கணக்கில் காட்டுவார்கள். உழவு வண்டி போக வழியில்லாத நிலத்தை வைத்திருப்பவருக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். இழப்பீட்டுக் கணக்கில் இந்த நிலத்துக்கும் இடம் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேலே போட்டது சமதரைக் கணக்கு. உங்கள் இடத்தின் மட்டங்களை வைத்து ஒவ்வொரு குறுக்குச் சாலைக்கும் இதைத் தனியாகப் போடுங்கள். ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு மதிய நேரம் போதும். ஆறேழு குறுக்குச் சாலைகள் இருந்தால், எந்த இடைவெளி அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒத்துவருகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

5. லெவல் கிராசிங் ஏதாவது எஞ்சி நிற்கிறதா?

ஒட்டிப் போகும் வழியைத் தேர்ந்துவிட்டு, குறுக்குச் சாலைகளில் கேட்டுகளை அப்படியே விட்டுவைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான சேர்க்கை. காரணம் எளிமையானது: தண்டவாளத்தைத் தாண்டிய வண்டி நெடுஞ்சாலைச் சிக்னலில் நிற்க வேண்டும், நிற்க இடம் போதவில்லை என்றால் அதன் பின்பகுதி தண்டவாளத்தின் மேல் இருக்கும்.

1995 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ரிவர் குரோவ் என்ற ஊரில் நடந்தது இதுதான். தண்டவாளத்தைத் தாண்டி, அதற்கு இணையாக ஓடும் நெடுஞ்சாலையின் சிவப்பு விளக்கில் ஒரு பள்ளிப் பேருந்து நின்றது. நிற்பதற்கு இருந்த இடத்தைவிடப் பேருந்து நீளம். பின்பகுதி தண்டவாளத்தின் மேல் இருந்தபோது ரயில் மோதி, 7 மாணவர்கள் இறந்தார்கள். அந்த நெடுஞ்சாலை முன்பு அகலப்படுத்தப்பட்டபோதுதான் அங்கே நிற்கும் இடம் சுருங்கியிருந்தது. அகலப்படுத்தியவர்கள் யாரும் தீங்கு நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு கோடு சில மீட்டர் தண்டவாளத்தை நோக்கி நகர்ந்தது, அவ்வளவுதான்.

எனவே எஞ்சும் ஒவ்வொரு லெவல் கிராசிங்குக்கும் இதை அளந்து பாருங்கள்: கடைசித் தண்டவாளத்திலிருந்து நெடுஞ்சாலையின் நிறுத்தக்கோடு வரை எத்தனை மீட்டர்? நீளமான டிரெய்லர் லாரி 22 மீட்டர் வரை வரும். அது முழுமையாக நின்று, பின்னால் ரயில் உரசாமல் போகக் கொஞ்சம் தூரமும் வேண்டும். ஒரு லாரிக்குப் பின்னால் இன்னொன்று வந்தால் 50 மீட்டருக்கு மேல் தேவை. சந்திப்பிலிருந்து சுமார் 60 மீட்டருக்குள் கிராசிங் இருந்தால், ரயில் வருவதை உணர்ந்து சாலைச் சிக்னல் முன்கூட்டியே பச்சையாகி வரிசையைக் கரைக்கும்படி இரண்டு சிக்னல்களையும் இணைப்பது பற்றி அமெரிக்க விதிமுறைகள் வலியுறுத்துகின்றன. அந்நாட்டு விதிப்படி கேட் எச்சரிக்கைக்குக் குறைந்தபட்ச நேரம் 20 வினாடி. வரிசையாக நிற்கும் கனரக வண்டிகள் நகர்ந்து வெளியேற அது பல இடங்களில் போதாது. சரக்கு ரயில் ஓட்டுநர் பார்த்து நிறுத்திவிடுவார் என்ற எண்ணமும் வேண்டாம். வேகமாக ஓடும் நீளமான சரக்கு ரயில் நிற்க ஒன்றரை கிலோமீட்டர், அதற்கு மேலும் ஆகும்.

கிராசிங்கின் மேடும் முக்கியம். பராமரிப்பில் ஜல்லி சேர்த்துச் சேர்த்துத் தண்டவாளம் வருடாவருடம் கொஞ்சம் உயரும். இரண்டு பக்கமும் சாலை செங்குத்தாக ஏறி இறங்கும் நிலை வந்தால், தாழ்வான அடிப்பாகம் கொண்ட வண்டிகள் நடுவில் மாட்டிக்கொள்ளும். 2017 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலம் பிலாக்சியில் சுற்றுலாப் பேருந்து ஒன்று இப்படி மாட்டிக்கொண்டதில் 4 பேர் இறந்தார்கள். தண்டவாளத்திலிருந்து 9 மீட்டர் தூரத்தில் சாலை மட்டம், தண்டவாள மட்டத்திலிருந்து 75 மில்லிமீட்டருக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது அமெரிக்கப் பொறியாளர்கள் பின்பற்றும் அளவு. நெடுஞ்சாலை மிக நெருக்கமாக இருந்தால் இந்தச் சமதளத்துக்கே இடம் இருக்காது.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. சாலைச் சந்திப்பும் கிராசிங்கும் ஒட்டி இருந்தால், இருட்டில் தண்டவாளத்தையே சாலை என்று நினைத்து அதன் மேல் திரும்பிவிடுகிறார்கள். 2015 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் ஒரு ஓட்டுநர் டிரெய்லர் இணைத்த வண்டியோடு இப்படித்தான் தண்டவாளத்தில் திரும்பினார். பயணிகள் ரயில் மோதியது. ஆகவே முடிந்தவரை கேட்டுகளை மூடி, இரண்டு மூன்று சாலைகளை ஒரு மேம்பாலத்துக்குத் திருப்பிவிடுங்கள். மூடும்போது 3-ஆம் படியில் எடுத்த பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்து போகிறவரை இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகச் சொன்னால் அவர் சுற்ற மாட்டார், வேலியைத் தாண்டுவார். நடைபாலமோ நடைச்சுரங்கமோ அங்கே கட்டாயம்.

6. மேலேயா, கீழேயா?

ரயில் பள்ளத்தில் போகும் இடத்தில் மேலே போங்கள். கரை மேல் போகும் இடத்தில் கீழே போங்கள். இந்த ஒரு விதி பல கோடுகளைச் சரிசெய்துவிடும். தண்டவாளம் 4 மீட்டர் கரை மேல் இருந்தால், கீழ்ப்பாலத்துக்குச் சாலை ஏறக்குறைய 3 மீட்டர் இறங்கினால் போதும். அதே இடத்தில் மேம்பாலம் கட்டினால் 13 மீட்டர் ஏற வேண்டும்.

கீழ்ப்பாலத்தில் இரண்டு கஷ்டங்கள். ஒன்று, ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்ட வேண்டும். பக்கத்தில் கான்கிரீட் பெட்டியை வார்த்து, ஜாக்கி வைத்துக் கரைக்குள் தள்ளும் முறை இருக்கிறது. அந்த நாட்களில் ரயில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, தண்ணீர். தானாக வடிய வழி இல்லாத கீழ்ப்பாலம் பம்பை நம்பித்தான் வாழும். பெருமழையில் மின்சாரம் போகும் நேரமும் பம்பு தேவைப்படும் நேரமும் ஒன்றாகத்தான் வரும். ஆம்புலன்ஸ் போகும் ஒரே வழி அதுவாக இருந்தால் நான் கீழ்ப்பாலத்தைத் தேர்வு செய்ய மாட்டேன்.

7. நெடுஞ்சாலையே தண்டவாளத்தைத் தாண்ட நேர்ந்தால்

சில சமயம் ஊரைத் தவிர்க்கவோ ஆற்றைத் தாண்டவோ நெடுஞ்சாலை மறுபக்கம் போக வேண்டிவரும். இணையாக ஓடும் சாலை தண்டவாளத்தைத் தாண்டினால் இயல்பாகவே கோணம் சாய்ந்திருக்கும். ரயில்வே நிலத்தின் அகலம் 30 மீட்டர் என்றால், செங்குத்தாகத் தாண்டும் பாலத்துக்கு 30 மீட்டர் போதும். 45 பாகையில் 42 மீட்டர். 30 பாகையில் 60 மீட்டர். சாய்வு கூடக்கூடக் கட்டுவதும் பராமரிப்பதும் கடினம்.

அப்படியானால் சாலையைத் திருப்பிச் செங்குத்தாகவே தாண்டலாமே என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகச் சாலைக்கு வளைவின் ஆரம் குறைந்தது 440 மீட்டர் அளவில் வேண்டும். 45 பாகை திரும்ப 345 மீட்டர் வளைவு ஓட வேண்டும், பக்கவாட்டில் 130 மீட்டர் இடம் போகும். முழு 90 பாகைக்கு ஒரு பக்கத்துக்கே 440 மீட்டர் போகும். நான் பொதுவாக 45 முதல் 60 பாகைக்குள் முடித்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு தடத்தில் ஒருமுறைக்கு மேல் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு சிறு தடைக்கும் ரயிலின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாறும் கோடு, வரைபடத்தில் அழகாக இருந்தாலும் கட்டுமானத்தில் தாங்காது.

பாலத்தின் தூண்களை எங்கே வைக்கிறீர்கள் என்பது உயிர்ப் பிரச்சினை. 1977 ஜனவரி 18 அன்று சிட்னியின் கிரான்வில்லில் தடம்புரண்ட ரயில் சாலைப் பாலத்தின் தூண்களை இடித்துத் தள்ளியது. பாலம் பெட்டிகளின் மேல் விழுந்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1998-இல் ஜெர்மனியின் எஷெடெவில் அதிவேக ரயில் தடம்புரண்டபோதும் சாலைப் பாலம் இடிந்து விழுந்தது. இறந்தவர்கள் 101 பேர். தண்டவாள மையத்திலிருந்து 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டருக்குள் தூண் வந்தால், மோதலைத் தாங்கும் கனமான சுவர் வேண்டும் என்பது அமெரிக்க ரயில் பொறியியல் வழிகாட்டுதல். கூடுதல் நீளத்துக்குப் பணம் கொடுத்தாவது தூண்களை வெளியே தள்ளுங்கள் என்பேன்.

8. தண்ணீரும் மண்ணும்

பழைய ரயில் கரைகளில் இருக்கும் சிறுபாலங்கள், அந்தக் காலத்து மழையையும் நிலப் பயன்பாட்டையும் வைத்துக் கட்டியவை. அதற்கு இணையாக இன்னொரு கரையை நீங்கள் எழுப்பினால் நடுவில் ஒரு நீளமான தொட்டி உருவாகும். நெடுஞ்சாலை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இருந்து, உங்கள் சிறுபாலம் சிறியதாக இருந்தால், தேங்கும் தண்ணீர் ரயில் கரையை ஊறவைத்து அரிக்கும். எனவே ரயில்வேயின் ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் நேராக உங்களுடையதும் இருக்க வேண்டும். திறப்பு சிறியதாக இருக்கக்கூடாது. விலங்குகள் கடக்கும் காட்டுப் பகுதியிலும் இதே கதைதான். ரயிலுக்கு அடியில் ஒரு இடத்திலும் சாலைக்கு அடியில் வேறு இடத்திலும் திறப்பு வைத்தால், நடுவில் போய் மாட்டிக்கொள்ளும் யானைக்கோ மானுக்கோ வெளியே வர வழி இருக்காது.

மண் பற்றி ஒரே ஒரு கணக்கு. 5 மீட்டர் உயரக் கரை அடிமண்ணின் மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் சுமை ஏற்றுகிறது. களிமண்ணாக இருந்தால் அது அமுங்கும். அமுங்கும்போது பக்கத்திலுள்ள தண்டவாளத்தையும் சேர்த்து இழுக்கும். தண்டவாளத்தின் ஒரு பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கினாலே ரயில் வேகத்தைக் குறைக்க வேண்டிய நிலை வரலாம். மண் சோதனைக் குழிகளைச் சாலை மையத்தில் மட்டும் போடாமல், ரயில் எல்லை ஓரமாகவும் போடச் சொல்லுங்கள்.

9. வண்டி ரயில் பாதைக்குள் போகாதபடி

2001 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்தில் செல்பிக்கு அருகே கிரேட் ஹெக்கில், எம்62 நெடுஞ்சாலையிலிருந்து விலகிய ஒரு வண்டி சரிவில் இறங்கித் தண்டவாளத்தில் போய் நின்றது. விரைவு ரயில் அதில் மோதித் தடம்புரள, எதிரே வந்த நிலக்கரி ரயிலும் மோதியது. 10 பேர் இறந்தார்கள். வண்டி விலகியது பாலத்தின் மேல் அல்ல, பாலத்துக்கு முன்னால். ஆகவே தடுப்பு பாலத்தோடு தொடங்கக்கூடாது. சாலை விட்டு விலகும் வண்டி சரிவில் உருண்டு தண்டவாளத்தை அடையக்கூடிய தூரம் முழுக்க வேண்டும். ஒட்டிப் போகும் சாலையில் கனரக லாரியைத் தாங்கும் கான்கிரீட் தடுப்பைத் தொடர்ச்சியாகப் போட்டுவிடுவதே நல்லது.

சாலை ரயிலைவிட உயரத்தில் இருந்தால் ஆபத்து கூடும். சாலையைத் தாழ்வாக வைக்க முடிந்தால் வையுங்கள். இரவில் வண்டிகளின் முகப்பு வெளிச்சம் ரயில் ஓட்டுநரின் கண்ணில் அடிக்காமலும், ரயில் விளக்கு எதிரே வரும் வண்டி என்று சாலையில் போகிறவரைக் குழப்பாமலும் இருக்க மறைப்புத் தட்டி வேண்டும். மின்மயமான பாதைக்கு இணையாக நீண்ட தூரம் போகும் உலோகத் தடுப்புகளிலும் வேலிகளிலும் மின்தூண்டலால் மின்னழுத்தம் உண்டாகும். ஆங்காங்கே தரையிணைப்பு கொடுக்க வேண்டும்.

10. மாற்றுகளை ஒப்பிடுவது

குறைந்தது நான்கு கோடுகள் மேசையில் இருக்கட்டும்: ஒட்டிப் போவது, விலகிப் போவது, ஊருக்கு வெளியே புறவழி, அப்புறம் எதையும் அகலப்படுத்தாமல் கேட்டுகளுக்கு மட்டும் பாலம் கட்டுவது. கடைசியாகச் சொன்னதைச் சும்மா கணக்குக்குச் சேர்க்காதீர்கள், நேர்மையாக மதிப்பிடுங்கள்.

மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணைகள் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. செலவுக்கு 30, சுற்றுச்சூழலுக்கு 20 என்று பிரித்துக் கூட்டினால், பள்ளிப் பேருந்து நிற்க இடமில்லாத கோடும் மொத்தத்தில் ஜெயித்துவிடக்கூடும். அதனால் முதலில் வடிகட்டுங்கள். நிற்கும் இடம் போதாத கிராசிங் ஒன்று இருந்தாலும் அந்தக் கோடு வெளியே. ரயில்வேயின் எதிர்காலத் தண்டவாளத்துக்கான நிலத்தைத் தின்னும் கோடு வெளியே. வெள்ளத்தைத் தேக்கும் கோடு வெளியே. எஞ்சியவற்றை மட்டும் செலவு, வீடுகள், விளைநிலம், சத்தம் என்று ஒப்பிடுங்கள்.

செலவில் பலர் விட்டுவிடுவது ரயிலை நிறுத்தி வேலை செய்யும் நேரம். பாலத்தின் உத்திரம் ஏற்ற ரயில்வே கொடுப்பது பெரும்பாலும் நள்ளிரவில் சில மணி நேரம்தான். அப்படிப்பட்ட இரவுகள் எத்தனை தேவை என்பதை ஒவ்வொரு கோட்டுக்கும் எழுதுங்கள். வேலை முடியும் தேதியை முடிவு செய்வது பல நேரம் அதுதான். சத்தத்தைப் பொறுத்தவரை, ரயிலும் சாலையும் ஒரே அளவு ஒலி எழுப்பினால் இரண்டும் சேரும்போது 3 டெசிபல்தான் கூடும். ஏற்கெனவே ரயில் சத்தம் உள்ள பக்கம் ஒட்டிப் போவது, அமைதியான ஒரு புதிய பகுதியைக் கெடுப்பதைவிடப் பல இடங்களில் மேல். ஆனால் ரயில் சத்தம் வந்து போகும். சாலைச் சத்தம் ஓயாது. அங்கே குடியிருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

11. மக்கள் முன் வைக்கும்போது

மேலிருந்து பார்க்கும் வரைபடத்தை மட்டும் காட்டினால் யாருக்கும் உயரம் புரியாது. ஒவ்வொரு குறுக்குச் சாலைக்கும் ஒரு குறுக்குவெட்டுப் படம் போடுங்கள்: தண்டவாளம் எங்கே, பாலம் எவ்வளவு உயரம், யார் வீட்டு வாசலில் சரிவு முடிகிறது, தாங்குசுவர் யார் கடையை மறைக்கிறது. கேட் மூடப்படும் ஊருக்கு, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இனி எத்தனை மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும் என்பதை எண்ணாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் உட்காருபவராக நீங்கள் இருந்தால், இந்தப் படங்களைக் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் கருத்துச் சொல்லச் சொல்வது நியாயமல்ல.

12. கோட்டை முடிவு செய்யும் முன் கடைசிச் சரிபார்ப்பு

தேர்ந்த கோட்டை நிலத்தில் கம்பு நட்டுக் காட்டச் சொல்லி, ரயில்வே பொறியாளரோடு சேர்ந்து ஒருமுறை முழுத் தூரமும் நடந்துவிடுங்கள். மழை பெய்த மறுநாளாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லைக் கல்லிலிருந்து சாலை விளிம்பு எத்தனை மீட்டர், எதிர்காலத் தண்டவாளத்தின் மையம் எங்கே வரும், எந்தக் கேட் எப்போது மூடப்படும், பாலம் திறந்த பிறகா அதற்கு முன்னா என்பவற்றை ஒரே ஆவணத்தில் எழுதி, இரு துறையினரும் கையெழுத்திட வேண்டும். பாலம் திறப்பதற்கு முன்பே கேட்டை மூடும் வாக்கியம் எங்காவது இருந்தால், கையெழுத்துக்கு முன் அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.